பட்டா பார்த்துப் பெய்யாத மழை

கேள்வி: ஏரி அரசுக்குச் சொந்தம், பக்கத்து நிலம் எனக்குச் சொந்தம். அங்கே வீடு கட்ட ஏன் தடை?

பதில்: மழை பட்டா பார்த்துப் பெய்வதில்லையே! அது அந்த நிலத்தில் விழுந்துதான் ஏரிக்கு வருகிறது, வழியில் செப்டிக் டேங்க் இருந்தால் அதையும் நலம் விசாரித்துக்கொண்டு.

ஹைதராபாத்தின் கதை இதற்கு உதாரணம். 1908-இல் மூசி ஆற்று வெள்ளம் அந்த நகரத்தைச் சூறையாடிய பிறகு, நிஜாம் ஆட்சியில் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகள் கட்டப்பட்டன. வெள்ளத்தையும் தடுத்தன, நகரத்துக்குக் குடிநீரும் தந்தன. அவற்றைக் காக்க 1996-இல் வந்தது அரசாணை 111. சுற்றிலும் 10 கிலோமீட்டருக்கு, 84 கிராமங்களில், மாசுபடுத்தும் ஆலை, பெரிய ஓட்டல், குடியிருப்புக் காலனி எதுவும் கூடாது என்றது அது. ஆலை ஒன்று விலக்குக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது, கிடைக்கவில்லை.

ஆனாலும் பண்ணை வீடுகள் முளைத்தன. பெயரில் பண்ணை இருக்கிறதே!

2022-இல் தெலங்கானா அரசு அந்தத் தடைகளை நீக்க ஆணையிட்டது. நகரம் இப்போது இந்த ஏரிகளை நம்பியில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பெருமளவு உண்மைதான், கிருஷ்ணா, கோதாவரித் தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து அங்கே வருகிறது.