மணலியிலிருந்து ஒரு நாள் உலா

கேள்வி: மணலிக்காரர்கள் ஒரே நாளில் போய்வரக் கடலோரமாக என்ன இருக்கிறது?

பதில்: ஒரு நாள் போதாத அளவுக்கு இருக்கிறது. காலையில் திருவொற்றியூர். தியாகராஜர், வடிவுடையம்மன் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தார் சமாதி. அடுத்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர்கள் 1613-இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை சிதைந்துவிட்டது. அவர்களின் கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. அதன் வாசலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். ஒன்றோடு மணற்கடிகாரமும் உண்டு. நேரத்தை வீணாக்காதே என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

கடைசியாகப் பழவேற்காடு ஏரி. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. குளிர்காலத்தில் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் தலைகீழாக அலகை நுழைத்து இரை தேடும். அவை தேடி வரும் இடத்தை, பக்கத்திலேயே இருப்பவர்கள் பார்க்காமல் விடக் கூடாது.