முன் சக்கரத்தின் முனகல்

எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனுக்கு என்மேல் தனி மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஹார்ன் அடித்து ஓய்ந்தாலும் பீடியை முடித்துவிட்டுத்தான் எழுந்து வருவார். என் கார் தெருமுனை திரும்பும்போதே கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு நிற்பார். ஒருநாள் காரணத்தைக் கேட்டேவிட்டேன்.

"உங்க வண்டி பிள்ளையார் கோயில்கிட்ட வரும்போதே கேட்டுடும் சார். மாவு மிஷின் மாதிரி" என்றார்.

பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டை பழகிவிடுவதுபோல எனக்கு அந்தச் சத்தம் பழகியிருக்கிறது. மறுநாள் பாட்டை நிறுத்திவிட்டு, ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். இருபது கிலோமீட்டர் வேகத்தில் கரகரப்பு. நாற்பதில் முனகல். அறுபதில் மீனம்பாக்கத்தில் விமானம் எழும்புகிற தோரணை.

இரண்டாம் மாடி மாமா, ஓய்வுபெற்ற எஞ்சினியர், டயர் தேய்மானம் என்று தீர்ப்புச் சொன்னார். என் அப்பா ஊரில் மாட்டுவண்டி வைத்திருந்தவர். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை செய்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கடியில் தொங்கவிட்ட தலைமுறை. அவர் சாய்வு நாற்காலியைவிட்டு எழாமலே, "அச்சுல மை வத்திப்போச்சுடா" என்றார். காரில் மையா என்று சிரித்தேன்.

சந்தேகத்தைத் தீர்க்க கத்திப்பாரா போனேன். அந்த மேம்பாலத்தின் இலை போன்ற வளைவுகளில் வண்டி விடாமல் இடது பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும்; பாரமெல்லாம் வலது சக்கரத்தில் போய் உட்காரும். இரண்டு சுற்று சுற்றினேன். வளைவில் ஏறியதும் முனகல் ஓலமானது. நேர்ப்பாதைக்கு வந்ததும் அடங்கியது. வலது முன் சக்கரத்தின் பேரிங். அப்பா சொன்னதுதான் சரி. அதை அவரிடம் சொல்லவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மேற்கு மாம்பலத்தில் இந்த வண்டி இரண்டு நாள் அரைச் சக்கரம் தண்ணீரில் நின்றது. பேரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகு வளையம், நடுவில் குண்டுகள், குண்டுகளுக்குக் கிரீஸ், ஓரத்தில் தண்ணீர் புகாமல் சீல். நாள்பட்ட சீல் வழியாகத் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் திரிந்துபோகும், துரு பிடிக்கும், வளையத்தில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். ஒவ்வொரு குண்டும் அதில் விழுந்து எழுந்து போகிற சத்தம்தான் நம் காதுக்கு வருவது. வெளியே ரோட்டில் எப்படியோ, உள்ளேயும் அப்படியே.

மெக்கானிக், "ரெண்டு மணி நேர வேலை சார், நாளைக்கு விடுங்க" என்றார். இரண்டு மணி நேரம்தானே, அதை நாமே ஞாயிற்றுக்கிழமை செய்தால் என்ன என்று தோன்றியது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அவர் இருபது வருஷம் வேலை செய்திருக்கிறார் என்பது தோன்றவில்லை.

பேரிங் வாங்க ஜி.பி. ரோடு போனேன். கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்கவில்லை. "நம்பர்?" என்றார். பக்கத்தில் நின்றவர் தண்ணீர் மோட்டாருக்கு "6205" என்று ஒரே சொல்லில் வாங்கிக்கொண்டு போனார். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 25 மில்லிமீட்டர் என்று எனக்கு இலவசமாகப் பாடம் நடந்தது. நான் செல்போனில் காரின் படத்தைக் காட்டினேன். பொண்ணு பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்துக்குப் பதில் வீட்டுப் படத்தைக் காட்டியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு, சம்ப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஜாக்கி போட்டேன். அங்கேதான் வெளிச்சம். சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை வண்டிக்கடியில் படுக்க வைத்தேன்; ஜாக்கி கைவிட்டாலும் அது தாங்கும். பிறகுதான் ஹப் நட்டைப் பார்த்தேன். ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டோடு சேர்ந்து ஹப்பும் சுற்றியது. சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டிய நட்டு அது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, வண்டியை இறக்கி, பையனை பிரேக்கில் காலை வைக்கச் சொல்லி, ஸ்பேனர் பிடியில் ஒரு மீட்டர் இரும்புக் குழாயைச் செருகி அதன் நுனியில் ஏறி நின்றேன். என் எடை 72 கிலோ. ஒன்றும் ஆகவில்லை. லேசாகக் குதித்தேன். 'டக்' என்று கேட்ட சத்தத்தில் மூன்று பால்கனிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எலும்பு இல்லை, நட்டுதான் என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

அதன்பின் வேலை சூடு பிடித்தது. பிரேக் காலிப்பரைக் கழற்றி, அதன் ஹோஸில் பாரம் விழாமல் காயில் ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். டிஸ்க் வந்தது. பால் ஜாயின்ட் வந்தது. இரண்டரை மணி நேரத்தில், பேரிங்கைப் பிடித்திருக்கும் மொத்த நக்கிளும் மடியில் குழந்தைபோல வந்து உட்கார்ந்தது. மாமா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து சரித்திரம் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"1794லயே வேல்ஸ்ல பிலிப் வான்னு ஒருத்தர் வண்டி அச்சுக்குக் குண்டு பேரிங் போடறதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார், தெரியுமோ?"

"போடறதுக்கா, கழட்டறதுக்கா மாமா?"

"போடறதுக்குத்தான்."

கழற்றுவதற்கு யாரும் வாங்கவில்லை என்பது அடுத்த ஒரு மணி நேரத்தில் புரிந்தது. சம்மட்டியால் அடித்து ஹப்பை வெளியே தள்ளினேன். பேரிங்கின் உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டே வந்தது. மீதிப் பேரிங் நக்கிளுக்குள் அசையாமல் இருந்தது. அடித்தேன். மாமா நாற்காலியை நாலடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். பேரிங் நகரவில்லை.

அந்த நேரத்தில்தான் தண்ணீர் லாரி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பதினாறு வீடு, காலியான சம்ப்பு, அதற்குமுன் மூன்று சக்கரத்தில் என் கார். நாலைந்து பேர் சேர்ந்து தள்ளக்கூட முடியாது. தள்ளுவதற்கு உருள வேண்டுமே. குடியிருப்புச் செயலாளர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. லாரி டிரைவரிடம் பக்கத்துத் தெருவரை குழாய் நீளுமா என்று கேட்டார். கடைசியில் என் வண்டிக்கடியில், ஸ்டெப்னியைச் சுற்றி வளைத்து ஹோஸைக் கொண்டுபோய்ச் சம்ப்பில் விட்டார்கள். லாரி முழுசும் இறங்கும்வரை நான் ஜாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

லேத் பட்டறைகளுக்கு ஞாயிறு விடுமுறை. இருக்கிற நேரத்தில் விஞ்ஞானப்படி ஏதாவது செய்வோம் என்று புதுப் பேரிங்கைப் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். குளிர்ந்தால் எஃகு சுருங்கும், சுலபமாக உள்ளே போகும். எவ்வளவு சுருங்கும் என்று கணக்கும் போட்டேன்: ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள பேரிங்கை 45 டிகிரி குளிரவைத்தால் 0.03 மில்லிமீட்டர். தலைமயிரின் கனத்தில் பாதி. இதற்காக ஃப்ரீசரிலிருந்து வெளியேற்றப்பட்டது ஒரு டப்பா ஐஸ்கிரீம். பையன் அந்தத் தியாகத்தை உடனே செய்து முடித்தான்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு கையிலும் நக்கிளும் ஹப்புமாக பஸ்ஸில் போனேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

பட்டறைக்காரர் முதலில் நக்கிளைப் பார்த்தார், அப்புறம் அதிலிருந்த அடித் தழும்புகளை, அப்புறம் என்னை. ஹப்பில் ஒட்டியிருந்த வளையத்தைக் கிரைண்டரால் முக்கால் கனம் அறுத்து, உளியால் ஒரே தட்டு. இரண்டாகப் பிளந்து விழுந்தது. பேரிங்கை நகரவிடாமல் பிடித்திருந்த சர்க்ளிப்பைக் கழற்றி, நக்கிளைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார். நான் ஒரு மணி நேரம் அடித்தும் அசையாதது வெண்ணெயில் கத்திபோல இறங்கி வந்தது. புதுப் பேரிங்குக்கு, பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே மேலே வைத்து அழுத்தினார்.

"வெளிவளையத்துலதான் சார் அழுத்தணும். உள்வளையத்துல அழுத்தினா பலமெல்லாம் குண்டு வழியா போய் புதுசுலயே தழும்பு விழுந்துடும். ஓட்டறதுக்கு முன்னாடியே கத்தும்."

பத்து நிமிடம், இருநூறு ரூபாய். "ஃப்ரீசர்ல வெச்சிருந்தேன்" என்று மெதுவாகச் சொன்னேன். பைக்குள் பேரிங் அதற்குள் சென்னை வெயிலின் சூட்டுக்கு வந்திருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லது சார்" என்றார். பெரிய மனசு.

சாயங்காலம் மாட்டி முடித்தேன். ஹப் நட்டுக்கு மாமாவின் மருமகனிடமிருந்து டார்க் ரெஞ்ச் வந்தது. அதுவரை மாமா பேசிய சரித்திரத்தையெல்லாம் அந்த ஒன்றுக்காக மன்னித்தேன். உதிரி போல்ட் எதுவும் மிஞ்சவில்லை. இதைச் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை.

வண்டியைக் கத்திப்பாராவுக்கு ஓட்டினேன். வளைவில் சத்தமே இல்லை. டேஷ்போர்டுக்குள் ஏதோ கிலுகிலுக்கிறதும் பின் சீட்டில் தண்ணீர் பாட்டில் உருளுவதும் முதல் தடவையாகக் கேட்டன. இரண்டு சுற்று, சந்தோஷத்துக்கு இன்னொன்று. ஒன்பது மணிக்குத் தெருமுனை திரும்பி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, பூனைபோல வந்து சேர்ந்தேன்.

கேட் சாத்தியிருந்தது. ஒரு தடவை ஹார்ன் அடித்தேன். இன்னொரு தடவை அடித்தேன். உள்ளே பீடி நெருப்பு ஒன்று நிதானமாக ஒளிர்ந்து அடங்கியது. கடைசியில் நானே இறங்கிப் போய்க் கேட்டைத் தள்ளினேன்.

"நீங்களா சார்? சத்தமே வரலியே, யாரோ வெளி வண்டின்னு நினைச்சேன்" என்றார்.