வேப்பங்கொத்தில் எத்தனை இலை?

கேள்வி: தாவரவியல் படிக்கும் என் மகள் வேப்ப ஈர்க்கு ஒன்றைக் காட்டி, ‘இது ஒரே இலை’ என்கிறாள். எனக்குப் பத்துப் பன்னிரண்டு தெரிகிறதே?
– வாசகி, ஆழ்வார்குறிச்சி

பதில்: வெற்றி மகளுக்குத்தான் அம்மா! இலை தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு மொட்டு இருக்கும். ஈர்க்கின் அடியில் அது உண்டு. ஈர்க்கில் வரிசையாக நிற்பவற்றின் அடியில் கிடையாது. அதனால் அவை சிற்றிலைகள். எல்லாம் சேர்ந்தது ஒரு கூட்டிலை. முருங்கையோ இன்னும் தாராளம்! ஈர்க்கு கிளைத்து, மறுபடியும் கிளைத்துச் சிற்றிலைகளை அள்ளித் தெளித்திருக்கும். காலை முழுக்க உட்கார்ந்து கீரை உருவுகிறீர்களே, மொத்தமும் சில இலைகள்தான். உங்கள் ஊர்ப்பக்கம் சிவசைலத்தில் சிவனுக்குச் சாத்தும் வில்வமும் மூன்று சிற்றிலை கொண்ட ஓர் இலையே. மூன்றாகப் பிய்க்காமல் ஒரு தளமாகவே சாத்துகிறோம். கோயில் கணக்கும் கல்லூரிக் கணக்கும் இங்கே ஒன்று. இனிச் சந்தேகம் வந்தால் இலையை எண்ணாதீர்கள், மொட்டைத் தேடுங்கள்.