அருவி வைத்த குளம்

கோயம்புத்தூரில் வீடு கட்டியபோது பின்பக்கம் சின்னதாக ஒரு நீச்சல் குளம் வேண்டும் என்று மகள் கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். "ஓரமா ஒரு அருவி வெச்சாத்தானுங்க எடுப்பா இருக்கும்" என்றார் கட்டிக் கொடுத்தவர். கருங்கல்லை அடுக்கி, ஆள் உயரத்துக்கு ஒரு மலை எழுப்பினார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த அத்தனை பேரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு பாசி வந்தது. அது மட்டும் போகவில்லை.

குளத்துத் தண்ணீரில் பாசியை அடக்குவது பெரிய வித்தையே இல்லை. லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருந்தால் தலைகாட்டாது. ஆனால் அந்தக் குளோரின் மலை மேல் ஏற வேண்டுமென்றால் மோட்டார் ஓட வேண்டும். எங்கள் மாமனார் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா ஓடும் மோட்டாரைக் கண்டால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். விருந்தாளி வந்தால் போடுவார். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவார். கல் இடுக்கில் ஈரம் நிற்கும், மிச்சமிருக்கும் குளோரினை வெயில் தின்றுவிடும். அட்வான்ஸ் இல்லாமல், வாடகை இல்லாமல் பாசிக்கு இப்படி ஒரு வீடு வேறெங்கே கிடைக்கும்?

சரி, நாள் முழுக்க ஓடட்டும் என்று விட்டால் அதிலும் ஒரு சிக்கல். தண்ணீர் விழுந்து சிதறும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவே இருக்க வேண்டிய பி.ஹெச். மேலே ஏறும். அது ஏற ஏறக் குளோரின் சோம்பேறியாகும். ஓடினாலும் ஓய்ந்தாலும் லாபம் பாசிக்குத்தான்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? "தேத்தாங்கொட்டையை உரசி விடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். அது கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும். கல்லைப் பிடித்துத் தொங்கும் பாசியை என்ன செய்யும்? பக்கத்து வீட்டுக்காரர் மீன் விடச் சொன்னார். குளோரினில் பாசிக்கு முன்னால் மீன்தான் சாகும். மயில்துத்தம் போடச் சொன்னவர் விஷயம் தெரிந்தவர். அதிலுள்ள தாமிரம் பாசியைக் கொல்லும்தான். ஆனால் அளவு மீறினால் வெளிர்நிற முடியில் பச்சை ஏறும். வீட்டில் மற்றவர்களுக்குக் கவலையில்லை. மாமனாரின் தலை பஞ்சு வெள்ளை. அதனால் அந்த யோசனையைக் கைவிட்டோம், அரை மனதோடு.

2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளமே பச்சையாகிவிட்டதை மகள் கைப்பேசியில் காட்டினாள். யாரோ ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்ற, அது குளோரினைச் செயலிழக்க வைத்துவிட்டதாம். உலகமே பார்த்துக்கொண்டிருந்த குளத்துக்கே அந்தக் கதி என்றதும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, சொல்லி மாளாது.

கடைசியில் கைகொடுத்தது பிரஷ்தான். பாசியின் வழுவழுப்பே அதற்குக் கவசம். தேய்த்துக் கிழித்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். வெயில் தாழ்ந்ததும் கல்லை அழுத்தித் தேய்க்க வேண்டும். இருட்டிய பிறகு குளோரினைக் கூடுதலாகப் போட்டு, விடிய விடிய அருவியை ஓடவிட வேண்டும். செத்த பாசி சாம்பல் நிறத்தில் அடியில் படியும். அதை உறிஞ்சி எடுத்து, ஃபில்டரையும் கழுவ வேண்டும். அதன்பின் தினமும் சில மணி நேரமாவது மோட்டார் ஓடியே ஆக வேண்டும். அந்த இரவு மாமனாரை மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளம் வேண்டுமானால் தாராளமாகக் கட்டுங்கள். பிள்ளைகள் அருவி கேட்டால் சீசனில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே கரண்ட் பில் கிடையாது. பாசி வழுக்கினால் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டிருக்கிறார்கள்.