தாத்தா என்ன செக்‌ஷன்?

அந்தமானில் பழைய குடும்பத்துக்காரர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், அவருடைய கொள்ளுத்தாத்தா செல்லுலார் ஜெயிலில் சாவர்க்கருக்குப் பக்கத்து அறை. ஒரு மனிதருக்கு அதிகம் போனால் இரண்டு பக்கம்தான் பக்கத்து அறை இருக்க முடியும். கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்றே அந்த ஜெயிலைக் கட்டினார்கள். பேரன்மார் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை.

தாத்தா எந்த வருஷம் வந்தார் என்று கேட்டால் இன்னும் சங்கடம். ‘1870க்குப் பக்கம்’ என்பார்கள். அந்த ஜெயிலைக் கட்டத் தொடங்கியது 1896இல், முடித்தது 1906இல். சாவர்க்கர் வந்தது 1911இல். தாத்தா உயிரோடு இருந்திருந்தால், பர்மாவிலிருந்து வந்திறங்கிய செங்கல்லைச் சுமந்து அந்த அறைகளை எழுப்பிய கூட்டத்தில் இருந்திருப்பார். அதுவும் பெருமைதான். ஆனால் கல்வெட்டில் பெயர் வராது.

முதல் கப்பலில் வந்தவர்களைப் பற்றி நக்கல் செய்ய மாட்டேன். ஜெயில் கட்டுவதற்கு வெகு முன்பே, 1858 மார்ச் 10 அன்று, கைதிக் குடியேற்றத்தின் கண்காணிப்பாளர் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். அவர்களில் பலர் 1857 கலகத்தில் பிடிபட்டவர்கள். காட்டுக்குள் ஓடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கில் போட்டார். மேலதிகாரிகளே ‘போதும் ஐயா’ என்று கடிந்துகொண்டார்கள். அசல் தியாகிகளில் நிறையப் பேருக்குப் பேரன் பிறக்க வழியே இல்லாமல் போனது இப்படித்தான். பிற்பாடு வந்து குடும்பம் நடத்திப் பல்கிப் பெருகியவர்களில் பெரும்பாலோர் கொலை, கொள்ளை கேஸ்காரர்கள்.

அதில் குடும்ப வரலாறு தேடுபவனுக்கு ஒரு வசதி உண்டு. கைதியின் கழுத்தில் ஒரு மரச்சீட்டு தொங்கும். கைதி எண், தண்டனைச் சட்டப் பிரிவு, தண்டனை விதித்த நாள், விடுதலை நாள் எல்லாம் அதில் இருக்கும். 302 என்றால் கொலை, 395 என்றால் கூட்டுக் கொள்ளை. ஆதார் அட்டையில்கூட மனிதனைப் பற்றி இவ்வளவு உண்மை கிடையாது.

கல்யாணக் கதை இதைவிட அழகு. சில வருஷம் ஒழுங்காக இருந்த கைதிக்கு ‘செல்ஃப் சப்போர்ட்டர்’ என்று சீட்டுக் கொடுத்து, சொந்தமாக உழுது பிழைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அவன் சர்க்கார் அனுமதியோடு பெண்கள் ஜெயிலுக்குப் போய்ப் பெண் பார்க்கலாம். அங்கே இருந்த பெண்களில் பலர் புருஷனையோ பிள்ளையையோ கொன்றதற்காகக் கப்பலேற்றப்பட்டவர்கள். மாப்பிள்ளைக்கும் அது தெரியும். நம் ஊர் ஜாதகப் பொருத்தத்தைவிட யோக்கியமான ஏற்பாடு இது. செவ்வாய் தோஷம் உண்டா, புருஷனுக்கு ஆகுமா என்றெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை. முதல் புருஷன் என்ன ஆனான் என்பது சர்க்கார் பதிவேட்டிலேயே இருக்கும்! சாதி பார்த்துக்கொண்டு நின்றால் சாகும்வரை பிரம்மச்சாரிதான் என்பதால் அதையும் மெல்ல நழுவவிட்டார்கள். பிறந்த பிள்ளைகள் இந்துஸ்தானி பேசினார்கள். அவர்களுக்கு ‘லோக்கல் பார்ன்’ என்று பெயர்.

பிரிட்டிஷாரை எதிர்த்ததாகத் தொடரப்பட்ட வஹாபி வழக்கில் தண்டனை பெற்று 1866இல் வந்த ஜாஃபர் தானேசரி, கைதியாகவே குமாஸ்தா வேலை பார்த்து, தீவிலேயே கல்யாணம் செய்து, 1883இல் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் திரும்பினார். போய்த் தன் கதையைத் தானே எழுதியும் வைத்தார். வாரிசுகளுக்கு வேலை மிச்சம்.

துத்நாத் திவாரி வேறு ரகம். 1858இல் தப்பி ஓடி, அந்தமான் ஆதிகுடிகளோடு ஒரு வருஷம் வாழ்ந்தார். அங்கே லீபா என்ற பெண்ணையும் கட்டிக்கொண்டார். 1859 மே மாதம் அவர்கள் அபர்தீன் கைதிக் குடியிருப்பின் மீது பாயப் போகும் செய்தியைத் திரும்பி வந்து வாக்கரிடம் போட்டுக்கொடுத்து, மன்னிப்பும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். காட்டில் விட்டுவந்த மனைவி அப்போது கர்ப்பிணி. இவரை ‘எங்கள் தாத்தா’ என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

1942 மார்ச்சில் ஜப்பான்காரன் வந்தான். மூன்றரை வருஷத்தில் மனிதர்களோடு காகிதங்களும் ஏராளமாக அழிந்தன. மிஞ்சிய நகல்கள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. உயிரோடு இருந்தவரை தீவைத் தாண்ட அனுமதி கிடைக்காத தாத்தா, காகிதமாகி லண்டனில் ஏசி அறையில் இருக்கிறார். அவரைத் தூசி தட்டி எடுத்துப் புத்தகம் எழுதியவர்களில் முக்கியமானவர் கிளேர் ஆண்டர்சன். அவரும் பிரிட்டிஷ்காரர். தொலைத்ததும் அந்த ஊர், தேடிக் கொடுப்பதும் அந்த ஊர்.

இப்போது தாத்தாவுக்கு மவுசு கூடியிருக்கிறது. 1942க்கு முன்பே குடியேறியவர்களின் வாரிசுகள் தீவின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உண்டு. மூன்று தலைமுறையாக வாயைத் திறக்காமல் மூடி மறைத்த 302, கடைசியில் பேத்தியின் வேலை விண்ணப்பத்துக்கு உதவுகிறது.

புத்திசாலிகள் மலபார் மாப்பிளா முஸ்லிம்கள்தான். 1921 மலபார் கலகத்துக்குப் பிறகு கொண்டுவரப்பட்ட அவர்கள், காகிதத்தை நம்பாமல் ஊர்ப் பெயர்களையே கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். காலிகட், மஞ்சேரி, மலப்புரம், வண்டூர். தெற்கு அந்தமானில் பஸ் பலகையைப் படித்தாலே அவர்கள் குடும்ப வரலாறு வந்துவிடும்.

தமிழர் பாடுதான் திண்டாட்டம். 2011 கணக்குப்படி தீவில் சுமார் 15 சதவீதம் பேர் தமிழ் பேசுகிறவர்கள். பெரும்பாலோர் சுதந்திரத்துக்குப் பிறகு சென்னையில் டிக்கெட் எடுத்து, மூன்று நாள் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தவர்கள். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்களும் உண்டு. அந்தத் தீவை 2004 சுனாமி புரட்டிப் போட்டது. டிக்கெட் எடுத்து வந்த யோக்கியர்களின் கழுத்தில் யார் சீட்டு மாட்டினார்கள்? எண் கிடையாது, செக்‌ஷன் கிடையாது, லண்டனில் ஃபைல் கிடையாது. வாய்மொழிதான் ஆவணம். ஆகவே பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது.

“தாத்தா, நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?”

“பி.டபிள்யூ.டி.யில வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு சொன்னாங்க. கிளம்பி வந்துட்டேன்.”

“கப்பல் டிக்கெட் எதாவது இருக்கா?”

“அதை எதுக்குடா வச்சிருப்பாங்க? அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு.”

அடுப்படியிலிருந்து பாட்டி குரல் கொடுக்கிறாள்: “டிக்கெட்டுல யார் பேரு இருந்துச்சுன்னு கேளுடா.”