ஏழு பொட்டணம், ஒரு மூட்டை

ஏலே பேராண்டி, காதுல என்னத்தச் சொருகிருக்க? பெல் அண்ட் செபாஸ்டியனா? அந்த கிளாஸ்கோ பாட்டுக் கூட்டந்தான? முழிக்காதல, நீ ராப்பகலா அலறவிட்டதுல எனக்கும் ஏறிப்போச்சு.

அவனுவ யாவாரமே தனி தினுசு. 1996-ல காலேஜ் பாடத்துக்காக முத ஆல்பம் போட்டானுவ. அடிச்சது ஆயிரம் தட்டு. மறுவருசமே மூணு ஈ.பி. ஈ.பி.ன்னா மூணு நாலு பாட்டு வச்ச பொட்டணம்னு வச்சுக்கோ. வேற யாவாரின்னா பழுத்த தக்காளியக் கூடைக்கு மேலால அடுக்குவான். இவனுவ பொட்டணத்துப் பாட்டை அநேகமா ஆல்பத்துலயே சேக்க மாட்டானுவ. 2000-ல பிரிட்டன் பட்டியல்ல 15-வது இடத்துக்கு ஏறுன 'லீகல் மேன்'கூட ஆல்பத்துல கிடையாது!

பொறவு கூட்டம் வேற கம்பெனிக்குப் போயிட்டு. பழைய ஜீப்ஸ்டர் கம்பெனி சும்மா இருக்குமா? 2005-ல தான் போட்ட ஏழு பொட்டணத்தையும் அவுத்து, 25 பாட்டை ரெண்டு சிடியில கட்டி வித்துட்டு. 'புஷ் பார்மேன் டு ஓப்பன் ஓல்ட் வூண்ட்ஸ்'னு பேரு, பழம்புண்ணைத் திறக்கணுமாம். யாரு புண்ணை? ஏழையும் கடை கடையா அலைஞ்சு வாங்குனவன் புண்ணைத்தான்!

ஆனா ஒண்ணு, பாட்டுக வந்த வரிசை மாறல. அங்கதான் சூட்சுமம். முத மூணு பொட்டணத்துல வர்ற 'லேசி லைன் பெயிண்டர் ஜேன்' கேட்டியோ? கூட்டத்துப் பாட்டுக்காரன் ஸ்டூவர்ட் மர்டாக் வெத்தலைய அடக்கிட்டுப் பேசுதாப்புல முணுமுணுப்பான். கூடப் பாடுத மோனிகா குயின் தொண்டையத் திறந்ததும் பாட்டு கொம்பு சீவுன காளையாயிரும். கடைசியில சொல்லே கிடையாது. ஆர்கனும் கிட்டாரும் முட்டி மோதிக்கிட்டு ஓடும். ஆறு நிமிசத்துக்குக் கிட்ட வரும். நீ எங்க அதுவரைக்கும் போன? பத்தாவது விநாடியில விரலால தள்ளிவிட்டுட்டு, 'ஒரே அழுமூஞ்சிப் பாட்டு'ன்னு தீர்ப்புச் சொல்லுத. அதே அழுமூஞ்சிக் கூட்டந்தாம்ல மூணு வருசத்துல 'லீகல் மேன்'ல சித்தாரோட குதியாட்டம் போடுது. நடுவுல உள்ளதக் கேட்டாத்தான அவனுவ எப்பச் சிரிக்க ஆரம்பிச்சானுவன்னு தெரியும்?

அதனால சொல்லுதேன்: ஒண்ணாம் பாட்டுல இருந்து வரிசையா கேளு. ரசம் ஊத்தி முடிக்காம பாயசத்துக்குக் கைய நீட்டாத.

நானும் உனக்குச் சில்லறை சில்லறையா எத்தன புத்தி சொல்லிருக்கேன்! எல்லாத்தையும் ஒரு மூட்டையா கட்டித் தரப் போறேன். ஓசி இல்ல, காசு உண்டு. ஏற்கெனவே கேட்டதுதானேன்னு இழுக்காத. ஜீப்ஸ்டர்காரன் மட்டும் என்ன, புதுசாவா வித்தான்?