அடுத்த தீபாவளிக்குப் புதுசு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரப் பயணம். இந்த இரண்டு ஊர்களிலும் ஒரு வகைக் குடும்பத் தலைவர் உண்டு. வீட்டுக் கணினியின் பொத்தானை அமுக்கிவிட்டு அதே அரை மணி நேரத்தை நாற்காலியிலேயே கழிப்பவர். மில் ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவராக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம், ரத வீதியில் கடை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். மகன் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய கணினி அது. மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கணினிக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஏன் இப்படித் திணறுகிறது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வயசாயிருச்சுல்ல சார்? அடுத்த தீபாவளிக்குப் புதுசு வாங்கிருவோம்." எந்தத் தீபாவளி என்று மட்டும் சொல்லமாட்டார். கணினியை மெதுவாக்குவது அதன் வயதைவிட இந்த வாக்கியம்தான் என்பது என் கட்சி. புதுசு வரப்போகிறதே என்று பழையதற்குச் செலவழிக்க மனம் வராது. பழையது எப்படியோ ஓடுகிறதே என்று புதுசுக்கு அவசரம் பிறக்காது. ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கும் இந்த இரண்டு நியாயங்களையும் எந்தத் தீபாவளியாலும் அசைக்க முடிவதில்லை.

சாட்சிகளை விசாரிக்கலாம். மதர்போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் தேதியை நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. அது தீர்ந்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கிய ஒவ்வொரு முறையும் கணினி ஏதோ ஒரு பழைய வருடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். தேதி தப்பானால் வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் கதவைச் சாத்தும். இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குப் புதுப் பேட்டரி கிடைக்கும். நம்மவரோ தினமும் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துத் தேதியைக் கையாலேயே திருத்துகிறார். அடுத்த சாட்சி தூசி. மில் ஊரில் பஞ்சுக்கும் பஞ்சமில்லை, தூசிக்கும் பஞ்சமில்லை. அது உள்ளே போய் மின்விசிறியையும் அதன் கீழே இருக்கும் உலோகத் தகடுகளையும் அடைத்துக்கொண்டால், பிராசஸர் சூடேறி, கருகிப் போகாமல் இருப்பதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் சொல்லவே வேண்டாம். நம்மவர் அதன் உடம்புக்குத் தையல்காரரிடம் சொல்லிப் பூப்போட்ட உறை தைத்திருக்கிறார்; ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்; காற்று புகாத மேஜைக் கூண்டுக்குள் பத்திரமாகத் தள்ளி வைத்திருக்கிறார். மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பது மட்டும் மரியாதைக் குறைவு.

மரியாதைக்கு வைத்தியம் என்று பெயரிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மூன்றாவது சாட்சி. திரை நகராத ஒவ்வொரு தடவையும் வலது கிளிக் செய்து 'ரெஃப்ரெஷ்' கொடுப்பார், அதுவும் ஏழெட்டு முறை. அது திரையில் இருக்கும் படங்களை மறுபடி வரைவதோடு சரி. வேகத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உண்மையான தாமதம் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டில், வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக 4 மில்லி விநாடிக்குமேல் ஆகும். சின்ன விஷயம்தான், ஆனால் கணினி கண் விழிப்பதற்குள் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்காக அந்த முனை அலைய வேண்டியிருக்கிறது. தட்டு இன்றும் அன்றைய வேகத்தில்தான் சுற்றுகிறது. சுமைதான் கூடிவிட்டது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி குறைந்தது 64 எம்பி நினைவகம் கேட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி, அதாவது 64 மடங்கு. சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைச் சில ஆயிரம் ரூபாய்க்குள் மாட்டினால் இந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி ஒழியும். "போற கணினிக்கு எதுக்கு சார் செலவு?" என்பார். அது போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் போய்ச் சேரவில்லை.

சிக்கனத்தைக் கேலி செய்யலாமா என்று ஒரு தரப்பு கேட்கும். ஒரு இயந்திரத்தைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டுவதுதானே இந்த மண்ணின் பெருமை என்றும் வாதிடும். பெருமைதான், ஆனால் எப்படி ஓட்டினார்கள்? ராஜபாளையத்து நூற்பாலைகளில் ஸ்பின்னிங் மெஷின் பல வருடம் ஓடுவதற்குக் காரணம், அதில் நூலை வழிநடத்தும் டிராவலர் என்ற நகத்தளவு உருக்கு வளையத்தைத் தேய்வதற்குமுன் கணக்கு வைத்து மாற்றிவிடுவது. 'அடுத்த வருஷம் புது மெஷின் வருது, அதுவரை தேஞ்சதே ஓடட்டும்' என்று எந்த மேஸ்திரியாவது சொன்னால் அன்று சாயங்காலமே கணக்கு முடித்துவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். மரச்சக்கரத்தைக் கழற்றி இரும்புச் சக்கரம் பூட்டினார்கள், ஹைட்ராலிக் பிரேக் வைத்தார்கள். ஆடிப்பூரத்தன்று அதன் வடத்தைப் பிடிப்பவர் யாரும் அது பழைய தேர் இல்லை என்று சொல்வதில்லை. உதிரியை மாற்றுவதுதான் சிக்கனம். மாற்றாமல் மூச்சிரைக்க வைப்பது கஞ்சத்தனம்கூட இல்லை, தள்ளிப்போடுதல்.

இன்னொரு தரப்பு, பாகத்தை மாற்றி என்ன பயன், மைக்ரோசாஃப்டே கைவிட்டுவிட்டதே என்று கேட்கும். இதில் நியாயம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்துகிறது. ஆனால் வாசல் ஒன்றுதானா? 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தபோது, விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் அதில் வந்தது. நம்மவர் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்தது, திறக்காமலே வைத்தார்கள். எடை குறைந்த லினக்ஸ் வகைகள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. கரண்ட் பில் கட்டவும், பென்ஷன் விவரம் பார்க்கவும், பேத்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும் அவை தாராளமாகப் போதும். மதர்போர்டே பழுதாகியிருந்தால் வாதாட வேண்டாம், புதுசு வாங்கிவிடலாம். அதையும் தீபாவளி வரை தள்ளாமல் வாங்க வேண்டும்.

கடைசி ஆட்சேபம் நம்மவருடையதே: "எனக்கென்ன சார் அவசரம்? அது எந்திரிக்கிறதுக்குள்ள ஒரு காப்பி, ஒரு பேப்பர்." இதற்கு மட்டும் பதில் சொல்வது கஷ்டம், ஏனென்றால் உண்மையைச் சொல்லிவிட்டார். இருபது விநாடியில் கணினி விழித்துக்கொண்டால் பேப்பர் படிக்காமல் போகும். மருமகன் கேட்ட படிவத்தை இன்னும் அனுப்பாததற்குக் காரணமும் இல்லாமல் போகும். அவருக்குத் தேவைப்படுவது வேகமான கணினி இல்லை, பழி சுமக்க ஒரு கணினி. அப்படியே வைத்துக்கொள்ளட்டும், அது அவருடைய சொத்து. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதன் வயதைச் சொல்லிப் புலம்பும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அது முடியாதென்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்ற வேண்டும்.